விண்டோஸ் 10 முடிந்துவிட்டது: கடைக் கம்ப்யூட்டர், கஸ்டமர் ஆதார், பையன் கேட்கும் பழைய கேம்

மஞ்சக்குப்பம்_டிடிபி

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கோர்ட்டுக்கும் அரசு ஆபீஸ்களுக்கும் மனு டைப் அடிக்க வருகிறவர்கள்தான் பாதிக் கஸ்டமர். மெஷின் இரண்டு. ஒன்று நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். இன்னொன்று அதைவிடக் கிழடு, ஸ்கேன் எடுக்க மட்டும்.

விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் இல்லை, 11 இந்த மெஷினுக்கு வராது என்று திரையில் வந்துகொண்டே இருக்கிறது. சர்வீஸுக்கு வரும் தம்பி "மெஷின் செத்துப்போச்சுக்கா, மாத்திடுங்க" என்கிறார். எனக்குப் பார்த்தால் அது நன்றாகத்தான் ஓடுகிறது. நான் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்தவள். கை அந்த வரிசைக்குத்தான் போகும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள், பேஜ்மேக்கரில் செய்த கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. வேறு எதற்காவது மாறினால் இவை என்ன ஆகும்?

இன்னொன்று. கஸ்டமர்கள் ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் கடை வாட்ஸ்அப் நம்பருக்குத்தான் அனுப்புகிறார்கள். போன வாரம் ஒரு பெரியவர் பிரிண்டை வாங்கிக்கொண்டு, "இது உன் மெஷின்லயே இருக்குமாம்மா?" என்று கேட்டார். அதிலிருந்து அந்த டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கிறது.

கடைசியாக, ஆறாவது படிக்கிற என் பையனிடம் அவன் மாமா டேவ், பிரின்ஸ், கான்ட்ரா என்று பழைய கேம் கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஸ்கேன் மெஷினில் அதைப் போட்டுக் கொடு என்று உயிரை எடுக்கிறான். முடியுமா?

லாஸ்பேட்டை_ரைடர்

அக்கா, ரூஃபஸ் என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. அதில் விண்டோஸ் 11ஐப் பென் டிரைவில் ஏத்தும்போதே டிபிஎம் (மெஷின்ல இருக்கிற பாதுகாப்புச் சிப்) செக்கைத் தூக்கிடலாம். அரை மணி நேர வேலை. ஆதாருக்கெல்லாம் கவலைப்படாதீங்க, ஏற்கெனவே எல்லார்கிட்டயும் நம்ம டேட்டா இருக்கு. கேமுக்கு போன்ல எமுலேட்டர் போட்டா முடிஞ்சுது.

பழையபெட்டி (முத்தியால்பேட்டை)

மெஷின் சாகவில்லை அம்மா. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு இலவசமாகப் பாதுகாப்பு அப்டேட் தருவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்று அவர்களே ஒரு கோடு போட்டார்கள். உங்கள் ஐ5 கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. மனு டைப் அடிக்கவும் பிரிண்ட் போடவும் அதற்கு இன்னும் தெம்பு இருக்கிறது.

லாஸ்பேட்டைத் தம்பி சொல்லும் வழி வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் கிடையாது என மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. வருடாவருடம் வரும் பெரிய அப்டேட்டுக்கு மறுபடியும் இதே வித்தையைக் காட்ட வேண்டியிருக்கும். வீட்டில் படம் பார்க்கிற மெஷின் என்றால் செய்துகொள்ளலாம். ஊரார் ஆதார் வந்து விழுகிற மெஷினில் நான் செய்யமாட்டேன்.

முதலில் மூச்சு விட நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10ன் அப்டேட் பக்கத்திலேயே நீட்டிப்புக்கு ஒரு இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அவர்கள் கிளவுடில் வைக்கச் சம்மதித்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் இலவசமாக வரும். சம்மதமில்லை என்றால் 30 டாலர். காசு இல்லையா, கணக்கைக் கொடு: இன்றைய சாஃப்ட்வேர் வியாபாரம் முழுக்க இந்த ஒரு வரிதான்.

அந்த இடைவெளியில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். இந்த வயது மெஷின் மந்தமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் பிராசஸர் மேல் குற்றமில்லை, சுற்றுகிற டிஸ்க்தான் காரணம். பிறகு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச ஓஎஸ், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டியது, 2029 வரை அப்டேட் உண்டு, யாரிடமும் கணக்குத் தொடங்கச் சொல்லாது. இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டர், ஸ்கேனர், வைஃபை மூன்றும் அதில் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தமிழ் டைப்பிங்கைப் பற்றிப் பயமே வேண்டாம். ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள், அதனுடன் எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பு, இரண்டையும் போட்டால் தமிழ்99, போனெட்டிக், உங்கள் பழைய டைப்ரைட்டர் வரிசை மூன்றும் வந்துவிடும். ஹையர் முடித்தவர் கை அதில் தடுமாறாது.

பாமினிக் கோப்புகள்தான் வேலை வைக்கும். அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் மனு முழுக்க ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், கூகுளில் மட்டுமல்ல, உங்கள் சொந்த மெஷினில் தேடினாலும் ஒரு பெயர் கிடைக்காது. கொஞ்சம் கொஞ்சமாக யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம் இவற்றை மட்டும் கண்ணால் பாருங்கள். பாமினியில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிப்போம், யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. மட்டமான கன்வெர்ட்டர்கள் அங்கேதான் சறுக்கும். ஒரு வேண்டுகோள்: கஸ்டமரின் குடும்பத் தகராறு மனுவைக் கொண்டுபோய் ஏதோ ஒரு இணையதளக் கன்வெர்ட்டரில் ஒட்டாதீர்கள். நம் மெஷினிலேயே ஓடும் கன்வெர்ட்டர் இலவசமாகவே கிடைக்கிறது.

பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளை லிப்ரே ஆபீஸ் டிரா திறக்கும். அளவுகள் கொஞ்சம் நகர்ந்திருக்கும். பழைய பத்திரிகையிலிருந்து பெயர்களை எடுக்க அது போதும். புதிதாகச் செய்ய ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பழகிக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி. நீங்கள் எழுதியதில் எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அவருக்குப் பிரைவசி என்ற சொல் தெரிந்திருக்காது, ஆனால் இந்த விஷயத்தில் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று. வழக்குப் போட்டவர் புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற நீதிபதி. அதைத் தொடுத்தபோது அவருக்கு வயது 80ஐத் தாண்டியிருந்தது. ஆதாரை எதிர்த்துத் தொடங்கியதுதான் அந்த வழக்கு. "எல்லார்கிட்டயும் நம்ம டேட்டா இருக்கு" என்கிற தம்பி இதைக் கொஞ்சம் படிக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் நம்மைப் பின்தொடர்வது உண்மைதான், அதற்காக நம் கடை டவுன்லோட்ஸைத் திறந்துபோட நியாயம் கிடையாது. கலிபோர்னியாவில் இருக்கிறவனுக்கு அந்தப் பெரியவரின் நம்பரை வைத்து சிம் கார்டு வாங்கத் தோன்றாது. தெருமுனையில் இருக்கிறவனுக்குத் தோன்றலாம்.

நடைமுறைக்கு வருகிறேன். மின்டில் லாகின் விண்டோ செட்டிங்ஸில் கெஸ்ட் செஷன் என்று ஒன்று இருக்கிறது, அதை அனுமதித்துவிடுங்கள். கஸ்டமர் பிரிண்ட் எல்லாம் அந்த செஷனில்தான். வெளியேறியதும் அதில் இறக்கியது, பிரவுசரில் நுழைந்தது எல்லாம் போய்விடும். கடை நம்பருக்கான வாட்ஸ்அப் வெப்பையும் அங்கேயே திறந்து, மதியமும் ராத்திரியும் வெளியேறுங்கள். கடை போனில் மீடியா தானாக இறங்குவதை நிறுத்துங்கள், இல்லையென்றால் இங்கே துடைத்தது அங்கே கேலரியில் உட்கார்ந்திருக்கும். பூட்டுப் போட்ட இ-ஆதார் வந்தால் கஸ்டமரையே பாஸ்வேர்டு அடிக்கச் சொல்லுங்கள். பெயரின் முதல் 4 எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், கூடவே பிறந்த வருடம். பூட்டை எடுத்த காப்பியைச் சேமிக்கும் பழக்கம் வேண்டாம். கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதார் என்று ஒன்று ஆதார் தளத்திலேயே கிடைக்கிறது. அது போதுமான இடங்களுக்கு அதையே எடுத்துக் கொடுங்கள். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் "உங்கள் கோப்பு இங்கே சேமிக்கப்படாது" என்று ஒரு தாள் ஒட்டுங்கள். வியாபாரத்துக்கும் நல்லது.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை எடைக்குப் போடாதீர்கள். டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்த டிஸ்க்கிலிருந்து போட்டோரெக் என்ற இலவச சாஃப்ட்வேர் படம் படமாக எடுத்துக் கொடுத்துவிடும். முழு டிஸ்க்கின் மேலும் ஒருமுறை வெற்றெண்களை எழுதித் துடையுங்கள், என்வைப் என்ற கருவி அதற்காகவே இருக்கிறது. அதற்கு முன் வேண்டியதை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, ஒன்றைக் கடைக்கு வெளியே வையுங்கள். தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பிரவுசர் ஃபயர்ஃபாக்ஸ், கூடவே யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான். குரோமில் அந்த முழு யூபிளாக் இப்போது ஓடாது, கூகுள் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றிவிட்டது. அரசுப் படிவம் தேடுகிறவர்களைப் போலித் தளங்களுக்கு இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் தேடலில் மேலே வரும் விளம்பரங்கள்தான். ஆகவே விளம்பரத் தடுப்பான் உங்கள் கடையில் பாதுகாப்புச் சாதனம்.

பையன் விஷயம். கேட்டதே சந்தோஷம். 90களில் பாண்டி நேரு வீதிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டாஸும் டிபேஸும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏசி ரூமுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வருவார்கள், வந்ததும் முதல் கேள்வி "சார், பிரின்ஸ் இருக்கா?" என்பதுதான். அந்த ஸ்கேன் மெஷினில் பழைய டாஸ் கேம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற மென்பொருளைப் போடுங்கள். கேம் ஃபோல்டரை மவுன்ட் செய்து ஓட்டினால் சரி. வேகம் தாறுமாறாக இருந்தால் கன்ட்ரோல் எஃப்11 குறைக்கும், எஃப்12 கூட்டும். அந்தக் கால கேம்கள் பல பிராசஸர் வேகத்தை நம்பியே எழுதப்பட்டவை. 386, 486 பெட்டிகளின் முகப்பில் டர்போ என்று ஒரு பட்டன் இருந்ததே, அதை அணைத்தால் மெஷின் மெதுவாகும். பழைய கேம் பறக்காமல் இருக்க அதை அமுக்குவோம்.

டேவ் என்பது ஜான் ரொமேரோ 1988ல் ஆப்பிள் 2க்கு எழுதியது, டாஸுக்கு 1990ல் வந்தது. பிறகு டூம் என்ற துப்பாக்கிச் சண்டை கேமைச் செய்த கூட்டத்தில் அதே ஆள் இருந்தார். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவுக்கு ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு, குதிக்கவிட்டு வீடியோ எடுத்து அசைவை வரைந்தார். அதன் மூல நிரல் இருந்த ஃபிளாப்பிகள் தொலைந்தே போய்விட்டன என்று இருந்தது. 2012ல் மெக்னரின் அப்பா தன் வீட்டில் ஒரு பெட்டியில் அவற்றைக் கண்டெடுத்தார், பழைய ஃபிளாப்பியைப் படிக்கத் தெரிந்தவர்கள் உதவியோடு நிரலை எடுத்து மெக்னர் எல்லோருக்கும் வெளியிட்டார். தனியாக ரசிகர்கள் டாஸ் கேமைப் பிரித்துப் பார்த்து எஸ்டிஎல்பாப் என்று லினக்ஸில் நேராக ஓடும் பதிப்பும் செய்துவிட்டார்கள். டூமின் நிரல் 1997லேயே வெளிவந்தது. அதனால்தான் அது இன்று ஓடாத சாதனம் இல்லை.

இதே 2024 மார்ச் 31ல் என்ன நடந்தது பாருங்கள். தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வரை யூபிசாஃப்ட் அணைத்தது. 2014ல் வந்த கேம். காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவன் வீட்டில் டிஸ்க் இருந்தது, கேம் இல்லை. தனியாளாக ஓட்டக்கூட முடியாமல் போனது. 1990ல் வந்தது இன்றும் ஓடுகிறது, 2014ல் வந்தது கம்பெனி சர்வரை அணைத்ததும் நின்றுபோனது. நடுவில் தொழில்நுட்பம் பின்னோக்கிப் போய்விடவில்லை. ஓட்டுவதற்கு ஒவ்வொரு தடவையும் யாரிடமோ கேட்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அது வாங்கியது ஆகாது, வாடகை. எனக்குப் பழைய கேம் மேல் இருக்கும் பித்துக்கு ஏக்கம் பாதிக் காரணம்தான், மீதி இது. பையனுக்குப் புது கேம் வாங்குவதென்றாலும் ஜிஓஜி போன்ற இணைய கேம் கடையில் வாங்குங்கள், இன்ஸ்டாலரை இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால் அந்தக் கடை மூடினாலும் ஓடும்.

நெல்லிக்குப்பம்_கணக்கர்

பழையபெட்டி சார் எழுதியதெல்லாம் சரி. ஆனால் ஒரு கடையைக் கேட்டவுடன் லினக்ஸுக்கு மாற்றச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் லினக்ஸில் நேராக ஓடாது. டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துக்கான யூஎஸ்பி சாதனம்) வைத்துக் கையெழுத்துப் போடுகிற வேலை இருந்தால் டிரைவருக்கும் போர்ட்டலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பீர்கள், அதுவும் கடைசித் தேதி ராத்திரியில். என் கிளையன்ட் யாராவது கேட்டால் பழைய எட்டாம் தலைமுறை ஆபீஸ் மெஷின் ஒன்று வாங்கி 11ல் இருங்கள் என்றுதான் சொல்வேன். சித்தாந்தம் வேறு, சோறு வேறு.

மஞ்சக்குப்பம்_டிடிபி

எல்லோருக்கும் நன்றி. டாலி என்னிடம் இல்லை. டிஎஸ்சி வேலை வந்தால் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுவேன். என் பிரிண்டர் கேனன் எல்பிபி 2900. அது ஓடுமா சார்?

பையன் இன்னொரு குண்டு போட்டுவிட்டான். டாஸ்பாக்ஸ் எல்லாம் வேண்டாமாம். டிவியில் மாட்டுகிற கேசட் கேம்தான் வேண்டுமாம், துப்பாக்கியோடு. பாண்டி சண்டே மார்க்கெட்டில் கிடைக்கும் என்று மாமா சொன்னாராம்.

பழையபெட்டி (முத்தியால்பேட்டை)

கணக்கர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டாலியும் டோக்கனும் சோறு போடுகிற இடத்தில் விண்டோஸ் இருக்கட்டும். ஆனால் 11ல் இருப்பவர்கள் அதன் செட்டிங்ஸை ஒருமுறை முழுக்கப் படித்து, அனுப்பாதே என்று சொல்லக்கூடிய எல்லாவற்றையும் அணையுங்கள். 2024 மே மாதம் ரீகால் என்று ஒன்றை அறிவித்தார்கள், சில விநாடிக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதி. உலகமே கத்திய பிறகுதான் தள்ளிப்போட்டு, விருப்பப்பட்டால் மட்டும் என்று ஆக்கினார்கள். கோபிலட் பிளஸ் என்ற புது ரக மெஷின்களில் மட்டும்தான் அது வருகிறது, நீங்கள் வாங்கும் பழைய ஆபீஸ் மெஷினில் வராது. இருந்தாலும் ஒரு கணக்கர் ஆபீஸ் திரையில் என்னென்ன ஓடும் என்று உங்களுக்கே தெரியும்.

அம்மா, 2900 என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பாதி ஜெராக்ஸ் கடையில் அதுதான் நிற்கிறது, உழைப்பாளி. ஆனால் பொதுவான பிரிண்டர் மொழிகள் அதற்குத் தெரியாது. கேப்ட் என்று தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறது. கேனனின் லினக்ஸ் டிரைவர் உண்டு, கேப்ட்டிரைவர் என்று வெளியாட்கள் எழுதியதும் உண்டு, இரண்டையும் உட்காரவைக்கப் பொறுமை வேண்டும். நீங்களே மல்லுக்கட்ட வேண்டாம். விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, விஜிஎல்யூஜி என்பார்கள், கிராமத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற கூட்டம். அவர்களிடம் கேளுங்கள். அதுவும் சரிப்படவில்லை என்றால் விண்டோஸை நெட் இல்லாமல் ஒரு ஓரத்தில் பிரிண்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கடைக்கு ஒரே ஓஎஸ்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

கேசட் கேம் பற்றிச் சொல்கிறேன், இதில் எனக்கு வாய் நிற்காது. நாம் விளையாடிய அந்தப் பெட்டிகள் எல்லாம் 1983ல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். 60 பின் கேசட், 8 பிட். சண்டே மார்க்கெட்டில் மகாத்மா காந்தி வீதியோரம் காலையிலேயே போனால் சில நேரம் கண்ணில் படும். "9999 கேம்" என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள், கைவிரலில் எண்ணுகிற அளவு கேமைத்தான் பெயர் மாற்றி மாற்றிப் போட்டிருப்பான். வாங்கும் முன் கேசட்டின் செப்புப் பற்களைப் பாருங்கள். நம் ஊர் உப்புக்காற்றுக்குப் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம்தான் சேரும், அரிப்பு கூடும். அடாப்டரை மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள், வோல்டேஜும் முனை திசையும் பெட்டியில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்.

துப்பாக்கிதான் சிக்கல். வாத்துச் சுடுகிற கேம் உங்கள் எல்இடி டிவியில் வேலை செய்யாது, பெட்டி நன்றாக இருந்தாலும். துப்பாக்கி ஒன்றையும் சுடுவதில்லை, அது ஒரு கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் வரும். அந்தக் கணத்தில் கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்தால் வாத்து விழுந்தது. குழாய் டிவியில் அந்த வெளிச்சம் உடனே வரும். புது டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, காட்டுவதற்குள் கணம் போய்விடும். எந்த செட்டிங்கும் இதைத் தீர்க்காது, குழாய் டிவிதான் வேண்டும்.

குழாய் டிவி கிடைத்தால் ஓட்டுங்கள், மூடியைக் கழற்றாதீர்கள். கலர் டிவிக் குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மிச்சம் இருக்கும். பையனிடமும் அவன் மாமாவிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை_ரைடர்

பழையபெட்டி அண்ணா, கெஸ்ட் செஷன் விஷயம் எனக்குத் தெரியாது, நல்லா இருக்கு. அக்கா, எங்க வீட்டு மாடியில 21 இன்ச் குழாய் டிவி ஒண்ணு பாட்டி புடவையால மூடி வச்சிருக்காங்க. ஓடுது, போன பொங்கலுக்குக்கூடப் போட்டுப் பார்த்தோம். காசு வேண்டாம். ஆனா தூக்க ரெண்டு ஆள் வேணும், படி குறுகல். ஆளோட வந்து எடுத்துக்கோங்க, ஞாயித்துக்கிழமைன்னா வீட்ல இருப்பேன்.